சீறியாழும் மிதிவண்டியும்

பின்புறம் ஒரு மூட்டை, பக்கத்தில் செருகிய புல்லாங்குழல். இவையே உடைமையாகத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மிதிவண்டியில் செல்லும் இளைஞனைக் கண்டு, ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்று நகைப்போர் உண்டு. நாம் அவனைப் பழந்தமிழ்ப் பாணரின் வழித்தோன்றல் என்போம். கருவியும் சிறு பையுமாய் ஊர்தோறும் செல்வது இம்மண்ணின் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

அன்று பாணர் கையில் இருந்தது சீறியாழ் என்னும் சிறிய யாழ். கூத்தர், முழவு முதலிய கருவிகளைப் பையிலிட்டுச் சுருக்கி, காவடித் தண்டின் இருபுறமும் எடை ஒக்கக் கட்டித் தூக்கினர் என்பதை மலைபடுகடாம் காட்டுகிறது. அந்தப் பைக்குக் ‘கலப்பை’ என்று பெயர். உழும் கலப்பை வேறு. இருபுறமும் எடை ஒக்க வேண்டும் என்பதே, மிதிவண்டியில் மூட்டை கட்டுவோன் இன்றும் கற்கும் முதற்பாடம்!

சுமை சிறிது, ஆனால் அவர்தம் தன்மானமோ பெரிது. பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிலோனிடம், கருவியைத் தூக்கியாயிற்று, பையையும் கட்டியாயிற்று, எத்திசைச் சென்றாலும் எமக்கு உணவுண்டு என்ற கருத்துப்பட முழங்கினார் ஔவையார். புறநானூற்று 206ஆம் பாடல் அது. கட்டிய பை சிறிதாயின் எவன் வாயிலிலும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை!

தென்காசிக்கு அருகே ஆய்க்குடி என்றோர் ஊர் உண்டு. பொதியில் மலைக்குரிய ஆய் அண்டிரனின் தலைநகர் அதுவே என்பர் அறிஞர் பலர். அவனைப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். சீறியாழ்ப் பாணர் களிறுகளைப் பரிசாகப் பெற்றுச் சென்றமையால் வெறுமையான கட்டுத்தறிகளில் காட்டு மயில்கள் தங்கின என்கிறார். பரிசிலர் பலாக்கிளையில் தொங்கவிட்ட முழவை மந்தி பழமென்று தட்டியதாம்! ஆடுமகள் எளிதில் அணுகும் அம்மலையை மன்னர் அணுகல் அரிதாம். ஆய் ஏன் கொடுத்தான்? மறுமையில் பயன் பெறவா? இல்லை, அவன் அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் என்று 134ஆம் பாடல் அறைகிறது. மோட்சக் கணக்குப் பாராமல் கொடுத்த கை அது.

பின்னர் நிகழ்ந்ததென்ன? 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தைப் புரட்டுவோம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று யாழ் மீட்டுகிறார். திருவாரூரில் அவர் உட்புக, வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டதாம். ‘இறைவன் அருள்’ என்று புராணிகர் பூரிக்கலாம். நாம் கேட்பது ஒன்றே: எல்லாரும் நுழைந்த வாயில் அவருக்கு ஏன் ஆகவில்லை? களிறு பெற்ற யாழுக்குத் தனி வாயில்! பாணர் தாழ்த்தப்பட்டனர், யாழும் வழக்கொழிந்தது.

அந்த இசை மரபைத் தேடி எடுத்தோரில் முன்னவர், தென்காசிப் பகுதிச் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். அவரது ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947இல் வந்தது.

பாதை திறக்க அறிவியலும் துணை வந்தது. 1885இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த மிதிவண்டியை வெளியிட்டார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். நடப்பவன் தோளை அழுத்திய சுமையைச் சக்கரம் ஏற்றது. எனினும் சாதி விடவில்லை. ‘எங்கள் தெருவில் ஏறிச் செல்லாதே, இறங்கித் தள்ளிக்கொண்டு போ’ என்று ஒடுக்கப்பட்டோரைத் தடுத்த சிற்றூர்கள் தமிழகத்தில் பல. வண்டி ஓடியது, வழி ஓடவில்லை!

அவ்வழியை மக்களே திறக்க வல்லவர் என்பதற்குப் புதுக்கோட்டை சான்று. அங்கே 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. பல்லாயிரம் நாட்டுப்புறப் பெண்கள் கற்றனர். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றனர். ஊரார் ஏளனம் அவர்களைத் தடுக்கவில்லை.

தோழர்களே! குற்றாலச் சாலையில் மிதிவண்டி மிதிக்கும்போது ஆய்க்குடியை எண்ணுங்கள். மூட்டையில் மாற்றுடைக்கு இடமுண்டு, ஒரு நூலுக்கு இடமுண்டு, குழலுக்கும் இடமுண்டு. முன்னோர் சுமத்திச் சென்ற சாதிக்கு மட்டும் இடம் வேண்டா. அதை இறக்கிவைத்துப் புறப்படுவோம். இறங்கித் தள்ளச் சொல்லும் தெரு எங்கிருப்பினும் ஏறியே செல்வோம்!