கூம்புச் சங்கும் பக்கவாதமும்: மன்னார் வளைகுடாவில் ஒரு விஷத்தின் வரலாறு

இராமேஸ்வரம் கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து அக்னி தீர்த்தம் வரைக்கும் சங்குக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சோழி மாலை, பெயர் பொறித்த சங்கு, கிளிஞ்சல் ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி... ஏதாவது ஒன்றை வாங்காமல் ஊர் திரும்பும் பக்தர்கள் குறைவு. அந்தக் குவியல்களுக்கு நடுவே ஐஸ்கிரீம் கோன் வடிவத்தில், பழுப்பும் வெள்ளையுமாய் வலை பின்னியது போலக் கோலம் போட்ட சின்னச் சங்கு ஒன்றும் கிடக்கும். கூம்புச் சங்கு. உள்ளே இருந்த நத்தை செத்து நாளாகியிருக்கும் என்பதால் தாராளமாகக் கையில் எடுக்கலாம். உயிரோடு இருக்கும்போது எடுத்திருந்தால் கதை வேறு!

அந்த நத்தைக்கும் மூளை நரம்பு நோய்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 300 வருடத்துக்கு மேற்பட்ட சம்பந்தம் அது. அதில் பாதி வெற்றிக் கதை, மீதிப் பாதி தோல்விக் கதை.

முதலில் நத்தையைப் பார்த்துவிடுவோம். கூம்பு நத்தைகளில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சில புழுவைத் தின்னும், சில மற்ற நத்தைகளைத் தின்னும், சில மீனையே பிடித்துத் தின்னும். நத்தை எப்படி மீனைப் பிடிக்கும் என்று கேட்கலாம். துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே தொட்ட மாத்திரத்தில் இரையை அசைய விடாமல் செய்ய வேண்டும். அதன் வாயிலிருந்து நீளும் குழாயின் நுனியில் ஊசி போல ஒரு பல் இருக்கிறது. நடுவே துளையுள்ள பல். டாக்டரின் சிரிஞ்சுக்கு முன்பே இயற்கை செய்து வைத்த சிரிஞ்சு. அது குத்திய ஓரிரு நொடியில் மீன் விறைத்துப் போகும். விஷத்தில் இருப்பவை நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிப் புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை. நரம்பில் செய்தி போவதற்குச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் உள்ளே வெளியே போய்வரும் நுண்ணிய வாசல்கள் உண்டு. ஒரு புரதம் ஒரு வாசலை அடைக்கும், இன்னொன்று வேறொரு வாசலை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும்.

மனிதன் இந்த விஷத்தில் சிக்கியதைப் பற்றிய பழைய குறிப்பு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ரம்ஃபியஸ் என்பவருடையது. இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்தவர். 1670ல் இரண்டு கண்களும் பார்வை இழந்த பிறகும் கடல் உயிரினங்களைப் பற்றிப் பிறரைக் கொண்டு எழுத வைத்தவர். அவர் இறந்த பின் 1705ல் வெளியான புத்தகத்தில், பாண்டா தீவில் வலை இழுத்தபோது கூம்புச் சங்கைக் கையில் எடுத்த ஓர் அடிமைப் பெண்ணின் மரணத்தைச் சொல்லியிருக்கிறார். கையில் லேசான அரிப்பு, அது மெல்ல உடம்பெல்லாம் பரவியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை 30க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. இதற்கு முறிவு மருந்து கிடையாது.

அடுத்த திருப்பம் வந்தது பிலிப்பைன்ஸில். பால்டோமேரோ ஒலிவேரா என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் டி.என்.ஏ. ஆராய்ச்சி செய்து பெயர் வாங்கியவர். 1960களின் இறுதியில் தாய்நாடு திரும்பினார். அங்கே பரிசோதனைக் கூடத்தில் தேவையான கருவிகள் இல்லை. கருவி இல்லாவிட்டால் என்ன, கடல் இருக்கிறதே! சின்ன வயதில் கடற்கரையில் சங்கு பொறுக்கிய பழக்கமும் இருந்தது. லூர்தஸ் குருஸ் என்ற சக விஞ்ஞானியோடு சேர்ந்து கூம்பு நத்தையின் விஷத்தைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். கையிருப்பு இல்லாதவன் உள்ளூர்ச் சரக்கை வைத்து வியாபாரம் தொடங்கிய கதைதான் இது.

பிறகு அவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே நடந்ததைக் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டும். கிரேக் கிளார்க் என்ற பட்டப்படிப்பு மாணவர், விஷத்தை எலியின் வயிற்றில் செலுத்துவதற்குப் பதிலாக நேராக மூளையில் செலுத்திப் பார்த்தால் என்ன என்று கேட்டார். செய்து பார்த்தார்கள். விஷத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எலி ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. ஒன்றுக்கு ஓடியது, ஒன்றுக்குச் சொறிந்தது, ஒன்றுக்கு நடுங்கியது, ஒன்றுக்குத் தூங்கியே போனது. தூங்க வைத்த புரதத்துக்குக் 'கொனன்டோகின்' என்று பெயர் வைத்தார்கள். தகலாக் மொழியில் 'அன்டோக்' என்றால் தூக்கக் கலக்கம். அது மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து அமரும் ஓர் இடத்தை அடைப்பதாகப் பின்னால் தெரிந்தது. வலிப்பு நோய்க்கு உதவுமா என்று இன்றும் அந்தக் குடும்பத்தை ஆராய்கிறார்கள்.

நடுங்க வைத்த புரதத்தைப் பிரித்தெடுத்தவர் மைக்கேல் மெக்கின்டாஷ். அப்போது அவருக்கு வயது 18. அது 25 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. நரம்பு முனையில் கால்சியம் நுழையும் ஒரு வகை வாசலை மட்டும் அது அடைக்கிறது. முதுகுத்தண்டில் வலிச் செய்தி கைமாறுவது அந்த வாசல் வழியாகத்தான். வாசலை அடைத்தால் வலி மூளைக்குப் போகாது. அதே அமைப்பில் செயற்கையாகத் தயாரித்த மருந்து 'ஜிகோனோடைடு'. 2004 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. மார்ஃபின் போல அடிமைப்படுத்தாது. ஆனால் மாத்திரையாக விழுங்க முடியாது, சிறிய பம்ப் வைத்து முதுகுத்தண்டு நீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அளவு கொஞ்சம் கூடினாலும் மனக்குழப்பம், மாயத்தோற்றம் என்று தொல்லை கொடுக்கும். வேறெதற்கும் அடங்காத கொடிய வலிக்கு மட்டுமே கொடுக்கிறார்கள்.

இதுவரை வெற்றிக் கதை. தோல்விக் கதையைப் புரிந்துகொள்ளப் பக்கவாதம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அல்லது வெடித்தால் வருவது பக்கவாதம். பெரும்பாலும் அடைப்புதான். இரத்தம் கிடைக்காத நரம்பணுக்கள் பட்டினியில் தங்களிடம் உள்ள குளூட்டமேட்டைக் கொட்டிவிடும். அது பக்கத்து அணுக்களின் வாசல்களைத் திறக்க, கால்சியம் வெள்ளமாய் உள்ளே புகுந்து அவற்றையும் கொல்லும். ஒரு பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தருகிறது என்று 1995ல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். ஆனால் 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 2008ல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. 2015 முதல், பெரிய குழாயில் உள்ள கட்டியைக் கம்பி வலை விட்டு இழுத்து எடுக்கும் முறையும் உறுதியானது. எதைச் செய்வதற்கு முன்பும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்புக்குப் பதில் குழாய் வெடித்திருந்தால் கரைக்கும் ஊசி ஆளையே கொன்றுவிடும்.

இந்த நாலரை மணி நேரத்தை இராமேஸ்வரம் தீவில் வைத்து நினைத்துப் பாருங்கள். 1914ல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில்தான். அதுவரை தங்கச்சிமடத்தில் ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்தால், அடுத்த ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது படகு. அந்தக் காலத்தில் கரைக்கும் ஊசியும் இல்லை என்பதால் சீக்கிரம் போயும் பெரிய பயன் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். 108 ஆம்புலன்ஸ் 2008ல் தமிழகத்துக்கு வந்தது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தீவிலிருந்து அங்கே சுமார் 55 கிலோமீட்டர். மதுரை என்றால் சுமார் 170. விடியற்காலையில் கடலுக்குப் போன படகில் ஒருவருக்கு வந்துவிட்டால் கணக்கு கரையிலிருந்து தொடங்குவதில்லை, நடுக்கடலிலிருந்து தொடங்குகிறது.

இதனால்தான் விஞ்ஞானிகள் வேறொரு மருந்தைத் தேடினார்கள். கட்டியைக் கரைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நரம்பணுக்கள் சாகாமல் பிடித்து வைத்தால் போதும். கால்சியம் புகுவதுதான் சாவுக்குக் காரணம் என்றால், கால்சிய வாசலை அடைக்கத் தெரிந்த கூம்பு நத்தையைக் கேட்டால் என்ன? 1993ல் வந்த ஓர் ஆய்வு பெரிய நம்பிக்கை கொடுத்தது. எலிகளின் மூளைக்குச் சிறிது நேரம் இரத்தத்தை நிறுத்திவிட்டு, 24 மணி நேரம் கழித்து இந்த நத்தைப் புரதத்தைக் கொடுத்தும் நரம்பணுக்கள் தப்பின. நாலரை மணி எங்கே, 24 மணி எங்கே!

எலி பிழைத்தது. மனிதனுக்கு வந்தபோது கதை மாறியது. இரத்தத்தில் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்தது. மூளைக்கு ஏற்கனவே இரத்தம் போதாதபோது அழுத்தமும் சரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைக்காயம் பட்டவர்களிடம் நடந்த சோதனையும் பலன் காட்டாமல் நின்றது.

இது நத்தையின் தோல்வி மட்டும் இல்லை. பக்கவாதத்துக்காகப் பரிசோதனைக் கூடங்களில் முயன்று பார்த்த வைத்தியங்களை 2006ல் ஒரு குழு எண்ணியது. மொத்தம் 1,026! அவற்றில் மனிதர்கள் வரை வந்தவை 114. நரம்பணுவைக் காப்பாற்றுவதாகச் சொன்ன எதுவும் நிலைக்கவில்லை. மலேயா குழிவிரியன் பாம்பின் விஷத்திலிருந்து எடுத்த ஆன்க்ரோட், 2000ல் ஓர் ஆய்வில் கொஞ்சம் பலன் காட்டி 2006ல் ஐரோப்பாவில் தோற்றது. இரத்தம் குடிக்கும் வௌவாலின் எச்சிலிலிருந்து வந்த டெஸ்மோடெப்ளேஸும் 2015ல் கைவிட்டது. இவை இரண்டும் இரத்தக் கட்டியோடு போராடியவை. வியாபாரத்தில் இப்படி நட்டம் வந்திருந்தால் கடையை இழுத்து மூடியிருப்பார்கள். விஞ்ஞானிகள் மூடவில்லை. 2017ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், அங்குள்ள சிலந்தி ஒன்றின் விஷப் புரதம் எலிக்குப் பக்கவாதம் வந்து 8 மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் மூளையைக் காப்பதாகக் கண்டார்கள். இதுவும் ஒரு வாசலை அடைக்கும் வேலைதான். மனிதனில் என்ன செய்யும் என்பது இனிமேல்தான்.

சரி, நம் கடற்கரையில் கிடக்கும் கூம்புச் சங்கை யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ். கிருஷ்ணன் பழ ஈக்களின் நரம்பை ஆராய்ந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ப. பலராம் புரதச் சங்கிலிகளின் வடிவத்தை ஆராய்ந்தவர், பிற்பாடு அதே கழகத்தின் இயக்குநராக இருந்தவர். இவர்களுடைய குழுக்கள் தமிழகக் கடலோரத்திலிருந்து கூம்பு நத்தைகளைக் கொண்டுபோய் விஷத்தைப் பிரித்தன. 2003ல் கோனஸ் அமடிஸ் என்ற இனத்திலிருந்து ஒரு புரதத்தைக் கண்டு சொன்னார்கள். அதன் பெயர் ஏ.எம். 2766. பெயர் வைப்பதில் ரொம்ப யோசிக்கவில்லை, அமடிஸ் என்பதன் முதல் இரண்டு எழுத்து, பக்கத்தில் அதன் எடை! மூளையில் உள்ள ஒரு சோடியம் வாசலை இது சரியாக மூட விடாமல் செய்கிறது. அந்த வாசலை உருவாக்கும் மரபணு பழுதானால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும். ஆகவே வாசல் எப்படித் திறந்து மூடுகிறது என்று சோதிக்க இந்த விஷம் ஒரு சாவி. மருந்தாகவில்லை. சாவியாக இருப்பதும் சின்ன விஷயமில்லை, நடுங்க வைத்த புரதத்தையும் ஆரம்பத்தில் யாரும் மருந்து என்று நினைக்கவில்லை. கிருஷ்ணன் 2014ல் மறைந்தார்.

இராமநாதபுரம் கடலோரத்துக்கு ஆராய்ச்சி புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்திச் சோதித்த மண்டபம் முகாமில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை தலைமையகம் வைத்திருந்தது. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986ல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. 2001ல் சில சங்கு இனங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்தன. கூம்புச் சங்குகளில் அப்போது இடம் பிடித்தது சேகரிப்பாளர்கள் மிக விரும்பிய கோனஸ் மில்னேஎட்வர்ட்சி. அமடிஸ் போன்ற சாதாரணக் கூம்புகளை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

இழுவலை கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு வரும்போது இவையும் சேர்ந்து வருகின்றன. படகு கரைக்கு வந்ததும் இறால் தனியே, நண்டு தனியே, விலை போகும் மீன் தனியே பிரியும். மிஞ்சிய குவியல் வெயிலில் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும். அதில் கிடக்கும் சங்குகளில் அழகானவை கோயில் வாசல் கடைக்கு, உடைந்தவை சுண்ணாம்புக் காளவாசலுக்கு.