ஹெரியட்

ஆங்கில நாட்டுக் கிராமத்திலே பண்ணைப் பிரபுவின் நிலத்தைப் பரம்பரையாக உழுதுவந்த குடியானவன் கண்மூடினால், அவன் புத்திரன் அந்நிலத்தை ஏற்குங்கால், தொழுவத்திலுள்ள கால்நடைகளில் மிகச் சிறந்த ஒன்றைப் பிரபுவிடம் ஒப்புவிக்க வேண்டும் என்பது பல இடங்களில் வழங்கிய சம்பிரதாயம். அந்த மரணக் காணிக்கைக்கே ஹெரியட் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் 'ஹெரெ' என்றால் சேனை. ஹெரியட் என்ற சொல்லின் பிற்பகுதிக்குப் பொருள் தளவாடம். ஆதியில் தலைவன் தன் வீரனுக்கு அளித்திருந்த குதிரையும் ஆயுதமும் அவன் மறைந்தபின் தலைவனிடமே திரும்பியதைக் குறித்த சொல், வாளேந்தி அறியாத உழவன் வீட்டுக்கு வந்து கறவைப் பசுவைப் பற்றிக்கொண்டது விசித்திரந்தான். (தகப்பனோடு உழவு மாட்டையும் இழந்த குடும்பத்தின் நிலையை வாசகர் ஊகிக்கலாம்.) 1926-இல் அமலுக்கு வந்த 1922-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் இவ்வழக்கம் மறைய வழிவகுத்தது.