ஓரத்தில் இருந்த எண்

எண்பதுகளின் கடைசியில் வடபழனியில் ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் மாதம் ஃபிலிமில் கை வைக்க விடவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும்தான் கொடுத்தார்கள். மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் எடிட்டர் வெட்டித் தள்ளும் துண்டுகளின் எட்ஜ் நம்பரைக் குறித்துவைப்பது என் வேலை. நடிகையின் முகத்தில் என் கண் நின்றுவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். "தம்பி, படத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பார்" என்பார்.

35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். அடிக்கு ஓர் எண்ணாக நெகட்டிவின் ஓரத்தில் ஃபிலிம் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுவார்கள். லேபில் கழுவும்போது படத்தோடு அந்த எண்ணும் துலங்கும். பிரின்ட் போட்டால் அதிலும் இறங்கும். நாங்கள் பிரின்ட்டை வெட்டி ஒட்டுவோம். நெகட்டிவ் கட்டர் அதே எண்ணைத் தேடி மூல நெகட்டிவை வெட்டுவார். ஆணிகளில் நூறு துண்டுகள் கலந்து தொங்கினாலும் எது முந்தியது, எது பிந்தியது என்ற சந்தேகமே வராது. 1990-இல் கோடாக் அந்த எண்ணோடு, இயந்திரம் படிக்கும் பட்டைக் கோட்டையும் சேர்த்து கீகோட் என்று கொண்டுவந்தது.

வீடியோ டேப்பில் கண்ணால் பார்க்கப் படமும் இல்லை, ஓரத்து எண்ணும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் டைம்கோட். 1967-இல் அமெரிக்காவின் ஈகோ நிறுவனம் உருவாக்கியது. மணி, நிமிடம், நொடி, ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். ஒன்பதாவது நொடியை 09 என்றுதான் எழுதும். முன்னால் நிற்கும் அந்தப் பூஜ்யத்தின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது.

2004-இல் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒளியமைப்பை மாணவர்களுக்குக் காட்ட 340 ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். 1, 2, 3 என்றே பெயர் வைத்தேன். என் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி. 2001-இல் வந்த அது, பெயரில் உள்ள எண்ணை எண்ணாகவே மதித்து அடுக்கும். வகுப்பில் வேறொரு மென்பொருள் அதே குறுந்தகட்டைத் திறந்தது. 1, 10, 100, 101 என்று ஓடியது வரிசை. கதாநாயகி அழுது முடித்த பிறகு கடிதம் வந்தது. ஜன்னல் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குவதைக் காட்டத்தான் அத்தனை படங்களும். அந்த வகுப்பு அன்றைக்கு வீணானது.

பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது கணினியின் பழைய வழக்கம். 1963-இல் வந்த ஆஸ்கி எழுத்து அட்டவணையில் 1-க்கு அடுத்தது 2. 10 என்ற பெயரின் முதல் எழுத்து 1 என்பதால் அது 2-ஐ முந்திவிடும். 0002, 0010 என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது. டிஜிட்டல் கேமராக்களுக்காக ஜப்பானில் 1998-இல் வகுத்த விதியும் நான்கு எழுத்து, பிறகு 0001 முதல் 9999 வரை என்றே சொன்னது. முழுப் படத்தையும் ஃபிரேம் ஃபிரேமாகச் சேமிப்பவர்களுக்கு நான்கு இலக்கம் போதாது. நொடிக்கு 24 வீதம் இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம். ஆறு இலக்கம் வேண்டும்.

வரிசை எண்ணிலும் ஒரு குறை உண்டு. 0041-க்கும் 0042-க்கும் நடுவே பின்னால் ஒரு படம் எடுத்தால் அதற்கு இடமில்லை. விஎல்சி பிளேயர் ஸ்கிரீன்ஷாட்டுக்கு வைக்கும் பெயரோ நாம் பொத்தானை அழுத்திய தேதியையும் நேரத்தையும் சொல்கிறது. காட்சி படத்தில் எங்கே வருகிறது என்பதைச் சொல்வதில்லை. அதனால் டைம்கோடையே பெயராக வைக்கத் தொடங்கினேன்: 01-14-07-12. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி ஆகாது. அதற்குத்தான் சிறு கோடு. எப்போது எடுத்தாலும் படம் தானாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த 340 படங்களுக்கும் மறுபடி பெயர் வைத்து முடித்ததும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எடிட்டர் வீட்டுக்குப் போனேன்.

"ஃபிரேம் நம்பரும் போட்டிருக்கியா?"

"கடைசி ரெண்டு இலக்கம் அதுதான் சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். ஒரு படத்தைக்கூடத் திறக்கவில்லை. பெயர்களின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே, கடைசிவரை படித்துக்கொண்டே போனார்.