கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்பு நம் பள்ளிப் பூந்தோட்டத்தை அழகுபடுத்தும் வேலை நடந்தது. பெற்றோர் ஒருவர் உடைந்துபோன அலமாரிக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சிமெண்டில் பதித்துச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினால் பூக்கள் இரட்டிப்பாகத் தெரியும் என்பது பிள்ளைகளின் யோசனை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குப் பின்னால என்ன பூசியிருக்காங்க?" என்று கேட்டான். "ரசம்டா" என்றேன். "நம்ம சாப்பிடுற ரசமா சார்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போனபின், அந்தக் கேள்விக்கு முழுப் பதில் எனக்கே தெரியவில்லையே என்று மனம் உறுத்தியது. அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் கண்ணாடி வைப்பது நமக்குப் புதிதா என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரியாழ்வார் நந்தவனத்தில் பூப்பறித்துப் பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையை ஆண்டாள் தான் சூடிக்கொண்டு, கிணற்று நீரில் அழகு பார்த்தாளாம். அந்தக் கிணற்றுக்குக் 'கண்ணாடிக் கிணறு' என்றே பெயர். நந்தவனத்துப் பெண்ணுக்குத் தண்ணீரே கண்ணாடி. அதே ஆண்டாள் பாடிய திருப்பாவையில் கண்ணாடிக்குத் 'தட்டொளி' என்ற சொல் வருகிறது. ஒளிவிடும் தட்டு! அந்நாளில் முகம் பார்க்கும் கண்ணாடி பளபளவென்று தேய்த்த உலோகத் தட்டுதான் என்பதை அந்தச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அந்த உலோகக் கண்ணாடி இன்றும் ஓர் ஊரில் செய்யப்படுகிறது. கேரளத்தில் பம்பை ஆற்றங்கரையில் உள்ள ஆரன்முளை அந்த ஊர். பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். அங்கே அந்தத் தொழிலைச் செய்கிறவர்களின் முன்னோர் நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் என்பது அவர்களே சொல்லும் பரம்பரைக் கதை. பார்த்தசாரதி கோயில் வேலைக்காகக் கைவினைக் குடும்பங்கள் அழைத்துச் செல்லப்பட்டனவாம். வேலைக்காக ஊர்விட்டு ஊர் போன கதை நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்து உருக்குகிறார்கள். எந்த அளவில் சேர்ப்பது என்பது குடும்ப இரகசியம். ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் இருப்பதாகத் தெரிந்தது. சாதாரண வெண்கலத்தில் இவ்வளவு இருக்காது. அதனால்தான் இந்த உலோகம் கீழே விழுந்தால் கண்ணாடியைப் போலவே நொறுங்கிவிடும். களிமண் அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, அச்சை உடைத்து எடுத்தபின்தான் உண்மையான பாடு தொடங்குகிறது. எண்ணெய் தொட்டுத் துணியில் நாள்கணக்கில் தேய்க்கவேண்டும். அவசரப்பட்டால் உடைந்துபோகும்.

மாணவர்களே, ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வையுங்கள். விரலுக்கும் உள்ளே தெரியும் விரலுக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். ஒளியைத் திருப்பும் பூச்சு பின்பக்கத்தில் இருப்பதால் அப்படி. ஆரன்முளைக் கண்ணாடியில் மேல்பரப்பே ஒளியைத் திருப்புவதால், இரண்டு விரலும் தொட்டுக்கொண்டு நிற்கும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த பெருவெள்ளம் அந்தப் பட்டறைகளுக்குள் புகுந்து களிமண்ணையும் அச்சுகளையும் அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகும் அவர்கள் திரும்ப உலை மூட்டினார்கள்.

சரி, ரசத்துக்கு வருவோம். ரசம் என்றால் பாதரசம். இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்கு அருகே முரானோத் தீவில் இருந்தவர்கள் கண்ணாடித் தொழிலில் பெயர்பெற்றவர்கள். வெள்ளீயத்தை மெல்லிய தகடாக அடித்துக் கல்மேசையில் விரிப்பார்கள். அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை மெல்லத் தள்ளி வைத்து, மேலே பாரம் ஏற்றுவார்கள். மேசையைச் சாய்த்து மிச்சப் பாதரசம் வடியும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். பிரான்சு நாட்டில் வெர்சாய் அரண்மனையில் 1684இல் முடிந்த கண்ணாடி மண்டபத்தில் இத்தகைய 357 கண்ணாடிகள் உண்டு. எதிரே தோட்டத்தைப் பார்த்த சன்னல்கள் பதினேழு. அவற்றுக்கு நேராகக் கண்ணாடி வளைவுகளும் பதினேழு. ராஜாவின் தோட்டம் சுவருக்குள்ளும் பூத்தது.

ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுத்தவன் யார்? பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளிதான். ஜெர்மனியில் ஃபூர்த் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளர்களைப் பற்றிக் குஸ்மால் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1861இல் நூல் எழுதினார். கைநடுக்கம், வாய்ப்புண், பல் உதிர்வு, காரணமில்லாத அச்சம். எல்லாம் பாதரசம் செய்த வேலை. இதைப் படித்தபோது என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் முதுகில் தோம்பு சுமந்து களைக்கு மருந்தடித்தவர். அவருடைய நகங்கள் கறுத்து உரிந்திருந்ததைச் சிறுவனாக இருந்தபோது நான் பார்த்திருக்கிறேன். "மருந்து பட்டுச்சுடா, ஒண்ணுமில்ல" என்பார். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020இல்தான். கண்ணாடித் தொழிலாளிக்கு மட்டும் விடிவு சீக்கிரம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. 1835இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலார் கண்ணாடிமேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைக்க வழி கண்டார். ஆனாலும் பட்டறைகள் பாதரசத்தைக் கைவிட அதன்பிறகு பல பத்தாண்டுகள் ஆயின.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில்: இன்று கண்ணாடியின் பின்னால் இருப்பது வெள்ளி அல்லது அலுமினியம். அதற்குமேல் காப்புச் சாயம். ரசம் போயே போய்விட்டது. ஆனாலும் பூச்சு உரிந்த கண்ணாடியை நாம் இன்னும் 'ரசம் போன கண்ணாடி' என்றுதான் சொல்கிறோம்.

உடைந்த துண்டுகளுக்கும் வரலாறு உண்டு. நம் மலாக்காவில் செங் ஹூன் தெங் சீனக் கோயிலுக்குப் போனால் கூரையை அண்ணாந்து பாருங்கள். பூவும் பறவையும் உடைத்து ஒட்டிய பீங்கான் துண்டுகளால் ஆனவை. சண்டிகர் நகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1950களின் இறுதியில் தொடங்கி, அரசுக்குத் தெரியாமல், உடைந்த வளையலையும் பீங்கானையும் சேர்த்து ஒரு தோட்டமே கட்டினார். இடித்துத் தள்ளவேண்டிய அத்தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது! ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கோயில் 2009இல் கண்ணாடிக் கோயிலாக உருமாறியது. சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் என்கிறார்கள். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

ஆனால் என் மனத்தில் நின்ற கண்ணாடி இவை எதுவுமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் (1809–1851) வழியினர் கருவறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், இருபுறமும் விளக்கு. பெரிய கோயில்களுக்குள் நுழையவும், பெண்கள் தோளை மறைக்கவும் தடையிருந்த காலத்து மக்கள் அங்கே தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்று தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்தார்கள்.

வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நம் ஊர் மழைக்குப் பின்பக்கப் பூச்சு சீக்கிரம் கறுத்துவிடும். பின்னாலும் ஓரங்களிலும் இரண்டு தடவை சாயம் அடித்துக் காயவிட்டுப் பிறகு சிமெண்டில் பதியுங்கள். விளிம்பைத் தேய்த்து மழுக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சாலைக்கு நேராக வைத்தால் வெயில் பட்டு மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கண்ணைக் கூசும். எங்கள் கண்ணாடியில் மைனா ஒன்று தன் உருவத்தோடு இரண்டு நாள் சண்டை போட்டது. அதனால் தரையை ஒட்டித் தாழ்வாக, துளசிச் செடிக்குப் பக்கத்தில் மாற்றிவைத்திருக்கிறோம். பரிசளிப்பு விழாவுக்கு வரும்போது குனிந்து பார்க்கவேண்டும்.