தேம்சு ஆற்றுக் காவல்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையும் இரம்மும் இலண்டன் தேம்சு ஆற்றில் கப்பல் கப்பலாய் வந்து குவிந்தன. துறை போதாமையால் அவை வாரக்கணக்கில் நீரிலேயே கிடந்தன. கள்வர்க்கு வேறென்ன வேண்டும்? வணிகர் தனித்தனியே வைத்த காவலரிற் பலர் கையூட்டுப் பெற்றுக் கண்ணை மூடிக்கொண்டனர்.

1798 சூலை 2ஆம் நாள், பாட்ரிக் கோல்குகன், ஜான் ஹாரியட் இருவர் முயற்சியால், வணிகரே பெரும்பொருள் உதவ, வாப்பிங்கில் ஆற்றுக் காவற்படை தோன்றியது. பதிவுபெற்ற இறக்குகூலிகள், வரையறுத்த கூலி, பொருள் மறைக்கும் உடைக்குத் தடை எனப் பொதுவிதிகள் வந்தன. கூலியையே நாம் உற்றுநோக்க வேண்டும். முன்னர் சிந்திய சர்க்கரை ஏழைத் தொழிலாளியின் ஊதியத்தில் ஒரு பங்கு. இப்பொழுது அதுவே களவாயிற்று! அவ்வாண்டு அக்டோபரில், நிலக்கரி திருடிய தோழர்க்குத் தண்டம் விதித்தமைக்காகக் கரி இறக்குவோர் கலகம் செய்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

1800இல் அப்படை அரசின் கைக்கு மாறியது. 1802இல் உயர்ந்த மதில் சூழ்ந்த மேற்கிந்தியத் துறை திறக்கப்பட்டது. இலண்டனுக்கு வரும் அத்தீவுகளின் சரக்கு 21 ஆண்டுகள் அங்கேயே இறக்கப்பட வேண்டுமெனச் சட்டமும் இருந்தது.