விரல்ரேகை போகும் வழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் சொன்னார்: "டேட்டா நம்ம சர்வரை விட்டுப் போயிடுச்சுன்னா, அப்புறம் நீ போடுற கண்டிஷன் எல்லாம் வெறும் வேண்டுகோள்தான்." அமெரிக்காவின் 'செக்யூர் கம்யூனிட்டீஸ்' திட்டத்தைப் பற்றிப் படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார்.

கதை கொஞ்சம் பழையது. 1979இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் 'சிறப்பு ஆணை 40' போட்டார். ஒருவரின் குடியேற்ற நிலையைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் போலீஸார் எந்த நடவடிக்கையிலும் இறங்கக் கூடாது என்றது அது. கேட்ஸ் இளகிய மனசுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆவணம் இல்லாதவர்கள் போலீஸைக் கண்டு பயந்தால் புகார் வராது, சாட்சி வராது. அவ்வளவுதான் கணக்கு.

1996 சட்டத்தின் 287(ஜி) பிரிவு அந்தக் கணக்கைக் கலைத்தது. ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் உள்ளூர் போலீஸே குடியேற்ற அதிகாரி வேலையும் பார்க்கலாம். அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் ஷெரிஃப் ஜோ அர்பையோ ஆடிய ஆட்டம் ஊருக்கே தெரியும். அவரது துறை லத்தினோக்களை இனம் பார்த்து நிறுத்தியது என்று 2013இல் நீதிமன்றமே சொன்னது. ஆனால் அர்பையோ கேமரா முன்னால் நின்றார், எதிர்க்க ஒரு முகம் இருந்தது.

2008இல் டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் தொடங்கிய திட்டத்துக்கு முகமே இல்லை. கைதானவரின் விரல்ரேகை பழைய வழக்கு பார்ப்பதற்காக எஃப்பிஐக்குப் போவது வழக்கம். இப்போது அங்கிருந்து அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்கும் தானாகப் போனது. போலீஸ்காரர் ஒரு கேள்வி கேட்க வேண்டாம். வழக்கு தள்ளுபடியானாலும் ரேகை போனது போனதுதான். வீட்டில் அடி வாங்கி போலீஸை அழைத்த பெண்ணே கைதாகி, நாடு கடத்தும் வழக்கில் மாட்டிய சம்பவங்கள் வெளியே வந்தன.

2010இல் சாண்டா கிளாரா, சான் ஃபிரான்சிஸ்கோ, ஆர்லிங்டன் கவுண்டிகள் விலகப் பார்த்தன, முடியவில்லை. 2011இல் இல்லினாய், நியூயார்க் ஆளுநர்களும் விலகுவதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் மத்திய அரசு மாநிலங்களோடு போட்ட ஒப்பந்தங்களைத் தானே ரத்து செய்தது. திட்டம் நடக்க அவை தேவையே இல்லையாம்! அப்படியானால் எதற்குக் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எதிர்ப்பாளர்கள் வேறு இடத்தைப் பிடித்தார்கள். ரேகை பொருந்தியதும் குடியேற்றத் துறை சிறைக்கு 'டிடெய்னர்' என்றொரு படிவம் அனுப்பும்: விடுதலையாக வேண்டியவரை இன்னும் 48 மணி நேரம் வைத்திரு. இங்கே மட்டும் ஒரு மனுஷன் கதவைப் பூட்ட வேண்டும். சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டி 2011இல் மறுத்தது, செலவை நீ கொடு என்றது. 2013இல் கலிபோர்னியா ட்ரஸ்ட் சட்டம் இயற்றியது. 2014இல் ஓரிகனின் கிளாக்கமஸ் கவுண்டி, அந்தப் படிவத்தை மட்டும் வைத்து ஒரு பெண்ணை அடைத்துவைத்தது அரசியல் சாசன மீறல் என்று மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் படிவம் வேண்டுகோள்தான், உத்தரவு இல்லை. வழக்குக்குப் பயந்து பல கவுண்டிகள் பூட்டுவதை நிறுத்தின. என் சீனியர் சிரித்திருப்பார்.

அந்த நவம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. விரல்ரேகை போவது மட்டும் நிற்கவில்லை. 2017 ஜனவரியில் திட்டம் பழைய பெயரோடே திரும்பி வந்தது. புதிதாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை.