பழைய கம்பியில் இரு வழிகள்

வீட்டுக் கணிப்பொறியை உலகோடு இணைத்த வரலாற்றில் ஐ.எஸ்.டி.என். முறைக்குத் தனி இடம் உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் குழு 1984-இல் அதற்கு விதிகளை வகுத்தது. மேற்கு ஜெர்மனியின் அஞ்சல் துறை 1989-இல் அதனை மக்களுக்கு வழங்கியது. வீட்டுக்குப் புதுக் கம்பி இழுக்கவில்லை; பழைய தொலைபேசியின் இரட்டைச் செப்புக் கம்பியே போதுமானதாயிற்று என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

சுவரிலுள்ள தொலைபேசி இணைப்பிலிருந்து ஒரு சிறு பெட்டிக்குக் கம்பி செல்லும். அப்பெட்டியிலிருந்து கணிப்பொறியினுள் செருகிய அட்டைக்கு மற்றொரு கம்பி. பின்னர் அட்டைக்குரிய மென்பொருளை நிறுவி, தொலைபேசி எண்ணைப் பதிதல் வேண்டும். இக்கருவியை மோடம் என்றே பலரும் அழைத்தனர். அப்பெயர் பொருந்தாது என்பது நம் கருத்து. எண்குறிகளை ஒலியாக்கி, மறுமுனையில் ஒலியை எண்குறிகளாக மீட்பதே மோடத்தின் தொழில். இங்கோ 0, 1 என்னும் எண்குறிகள் அவ்வாறே சென்றன.

கம்பி ஒன்றேயாயினும், நொடிக்கு 64,000 பிட் செல்லும் வழிகள் இரண்டு. மகன் கணிப்பொறியில் அமர்ந்தால் தாயின் தொலைபேசி ஊமையாகும் நிலை இதனால் நீங்கிற்று. இரண்டையும் சேர்த்து 128,000 பிட் பெறலாம். ஆயின் இரண்டு அழைப்புகளுக்குரிய கட்டணம் செலுத்த வேண்டும். நிமிடத்தை எண்ணிக் கற்கும் எளிய வீட்டுக்கு அவ்வேகம் எங்ஙனம் வாய்க்கும்? 1999-இல் அந்நாட்டில் டி.எஸ்.எல். வந்தபோது, அதுவும் அதே செப்புக் கம்பியிலேயே வந்தது.